தேறல் தேறிய கதை

தேனில் நீர் சேர்த்து, ஈஸ்ட் இட்டு, மாதக்கணக்கில் நொதிக்க விட்டால் வருவதை ஆங்கிலத்தில் மீட் என்கிறார்கள். தமிழில் அதற்குத் தேறல் என்ற அழகான பழஞ்சொல் உண்டு. மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். அமெரிக்காவில் நானும் இரண்டு நண்பர்களும் அதைச் சிறிய அளவில் தயாரித்து விற்க உரிமம் பெற்றோம். கலன்களை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். விண்ணப்பங்கள் என் பொறுப்பாயின. இந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டில் செய்து குடிப்பது எளிது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை சொந்தப் பயன்பாட்டுக்கு வரியின்றித் தயாரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. அதில் ஒரு பாட்டிலைக்கூட விற்கக் கூடாது. விற்க வேண்டுமென்றால் கருவூலத் துறையின் கீழ் இயங்கும் மது, புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகத்திடம் போக வேண்டும். சுருக்கமாக டிடிபி. அவர்கள் கணக்கில் தேறல் ஒருவகை ஒயின். எனவே இரண்டு அனுமதிகள் தேவை: 1935-ஆம் ஆண்டின் கூட்டாட்சி மது நிர்வாகச் சட்டப்படி ஓர் அடிப்படை உரிமம், வரிச் சட்டப்படி ஒயின் ஆலை என்ற பதிவு. இரண்டையும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது.

கட்டணம் இல்லையே தவிர, செலவு உண்டு. இடம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். குத்தகைப் பத்திரம், கட்டட வரைபடம், முதலீடு எங்கிருந்து வந்தது என்பதற்கான வங்கிச் சான்று, பங்குதாரர் ஒவ்வொருவரின் பின்னணி விவரம், கழிவுநீர் எங்கே போகும் என்ற விளக்கம் என எல்லாம் அந்த முகவரியோடு கட்டுப்பட்டவை. அனுமதி வரும் வரை விற்பனைக்காக ஒரு சொட்டுகூட நொதிக்க விடக் கூடாது. ஆக, வெறும் கூடத்துக்கு நான்கரை மாதம் வாடகை கட்டினோம். வாடகை தொடங்குவதை ஓரிரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று இட உரிமையாளரிடம் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

முதல் திருத்தம் வரைபடத்தில் வந்தது. தேறல் இருக்கும் பகுதி எங்கே முடிகிறது, வாடிக்கையாளர் உட்காரும் சுவைக்கூடம் எங்கே தொடங்குகிறது என்பதை நான் தெளிவாகக் காட்டவில்லை. திருத்தம் கேட்ட டிடிபி அதிகாரி பொறுமையாக விளக்கிய பிறகுதான் இந்த முறையின் அடித்தளமே எனக்குப் புரிந்தது. ஆலைப் பகுதிக்குள் இருக்கும் வரை ஒயின் வரி கட்டாத சரக்கு. அதை விற்பனைக்கு வெளியே எடுக்கும்போதுதான் வரி கட்டும் கடமை பிறக்கிறது. அதனால்தான் எல்லை எங்கே என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். அளவுநாடாவோடு போய்க் கூடம் முழுவதையும் மறுபடி அளந்தேன். தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, அதையே வரைபடத்திலும் கோடாக இட்டேன். அடுத்த முறை கேள்வி வரவில்லை. வரிக்கு ஈடாக முன்பெல்லாம் பிணைப்பத்திரமும் தர வேண்டியிருந்தது. ஆண்டு வரி 50,000 டாலரைத் தாண்டாத சிறு ஆலைகளுக்கு 2017 முதல் அந்தச் சுமை இல்லை.

நான் மிகவும் வருந்தியது செய்முறை ஒப்புதலில்தான். திராட்சை ஒயினுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. வேறு பொருள்கள் சேர்த்த தேன் ஒயினுக்குத் தேவை. தயாரிப்பதற்கு முன்பே செய்முறையை எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். தேனும் நீரும் கலந்த கலவையின் அடர்த்தி 13 பிரிக்ஸுக்கு (சர்க்கரை அளவைக் காட்டும் அலகு) கீழே இறங்கக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. நாங்கள் செய்ய விரும்பியது இஞ்சித் தேறல். எவ்வளவு இஞ்சி என்ற கட்டத்தில், வீட்டில் செய்து பார்த்த ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டேன். பெரிய கலனில் அந்த அளவு சுவைக்கே எட்டவில்லை. கூட்டிப் போடலாம் என்றால் ஒப்புதலில் அந்த ஓர் எண்தான் இருந்தது. மறுபடி விண்ணப்பித்துக் காத்திருந்தோம். குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று வீச்சாக எழுதியிருந்தால் அந்தக் காத்திருப்பே இருந்திருக்காது. யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

லேபிள் ஒப்புதல் பலரும் அஞ்சும் கட்டம். உண்மையில் அது கண்ணுக்கும் அளவுகோலுக்குமான வேலை. 1988-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி எல்லா மதுப் பாட்டில்களிலும் அரசின் சுகாதார எச்சரிக்கை இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் அருந்தக் கூடாது, வண்டி ஓட்டும் திறனும் இயந்திரங்களை இயக்கும் திறனும் குறையும் என்று சொல்லும் அந்த வாசகத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. 'கவர்ன்மென்ட் வார்னிங்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்), தடித்த அச்சில் வர வேண்டும். மீதி தடிப்பாக இருக்கக் கூடாது. 750 மில்லி பாட்டிலில் எழுத்தின் உயரம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கள் வடிவமைப்பாளர் அழகுக்காக மீதி வாசகம் முழுவதையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார். அதில் வரும் 'சர்ஜன் ஜெனரல்' (அரசின் தலைமைச் சுகாதார அதிகாரி) என்பதன் முதல் எழுத்துகள் இரண்டும் பெரிய எழுத்தாக இல்லை என்ற குறிப்புடன் லேபிள் திரும்பி வந்தது. சல்பைட் என்ற பதனப்பொருளைச் சேர்க்கவில்லை என்பதால் 'சல்பைட் உள்ளது' என்ற வரியை நாங்களாகவே விட்டிருந்தோம். ஒரு மில்லியனில் 10 பங்குக்குக் குறைவு என்று ஆய்வக அறிக்கை காட்டினால்தான் விடலாம். அறிக்கை வாங்கி இணைத்தேன். பெயருக்குக் கீழே 'இஞ்சி சேர்த்த தேன் ஒயின்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் வரியும் சேர்ந்தது. அந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்குபவர் என்ன குடிக்கிறார் என்பதை அது மறைக்காமல் சொல்கிறது.

ஆல்கஹால் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லா விதிகளும் அந்த ஓர் எண்ணில்தான் தொங்குகின்றன. நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், எங்கள் முதல் கலன் 1.105 அடர்த்தியில் தொடங்கி 1.010-இல் நின்றது. கணக்குப்படி ஏறத்தாழ 12.5 சதவீதம். லேபிளில் அதையே அச்சிட்டோம். 14 சதவீதம் வரையிலான ஒயினில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மை அளவுக்கும் ஒன்றரை சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம். இரண்டாவது கலனில் ஈஸ்ட் எங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டித் தின்று தீர்த்தது; ஆய்வகம் 14.3 என்றது. வரியில் மாற்றமில்லை, ஏனெனில் 2018 முதல் முதல் வரிப்பிரிவு 16 சதவீதம் வரை நீள்கிறது. லேபிள் விதியில் மட்டும் 14 என்ற பழைய கோடு அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் போனால் ஒரு சதவீத வேறுபாடுதான். புதிய ஒப்புதல் தேவைப்படவில்லை. எண்ணை மாற்றி அச்சிட்டால் போதும் என்றார்கள். 12.5 என்று அச்சான கட்டுகளை அடுத்த கலனுக்கு எடுத்துவைத்தோம். அன்றிலிருந்து ஆய்வக முடிவு வராமல் அச்சகத்துக்குப் போவதில்லை.

மாநில உரிமம் தனி. 1933-இல் மதுவிலக்கை நீக்கிய 21-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பெருமளவு மாநிலங்களிடம் கொடுத்தது. ஆகவே ஒரு மாநிலத்தின் அனுபவம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பல மாநிலங்களில் தயாரிப்பவர் விநியோகஸ்தருக்கும், அவர் கடைக்காரருக்கும்தான் விற்க முடியும். எங்கள் மாநிலம் ஒயின் ஆலைகள் சுவைக்கூடத்தில் நேரடியாக விற்க இடம் தருகிறது. தேறல் ஒயினாகக் கருதப்படுவது அங்கே எங்களுக்குக் கைகொடுத்தது.

16 சதவீதம் வரையிலான எங்களுடையது போன்ற ஒயினுக்குக் கூட்டாட்சி வரி கேலனுக்கு 1.07 டாலர். ஆண்டின் முதல் 30,000 கேலன் வரை ஒவ்வொரு கேலனுக்கும் ஒரு டாலர் கழிவு உண்டு. 2017-இல் தற்காலிகமாக வந்த இந்தச் சலுகை 2020 டிசம்பரில் நிரந்தரமாயிற்று. எங்களைப் போன்ற சிறு ஆலை தாக்குப்பிடிக்க அது பெரிய உதவி.

திறப்பு நாளன்று காலை, 12 பாட்டில்கள் கொண்ட முதல் பெட்டியை நண்பர் தூக்கிக்கொண்டு மஞ்சள் நாடாவைத் தாண்டி வந்தார். நான் பேரேட்டைத் திறந்து தேதியையும் கலன் எண்ணையும் எழுதி, அளவுக்கு நேரே 2.38 கேலன் என்று குறித்தேன். வரி 17 சென்ட்.