சங்கீதம் படிப்பித்துக்கொண்டே ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு

கொழும்பில் சங்கீத வகுப்பு நடத்திக்கொண்டே முதுதத்துவமாணி (எம்.ஃபில்) ஆய்வுப் பட்டத்துக்குப் பதிய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன தலைப்பு எடுக்கலாம்?" என்றுதான். தலைப்பை நூலகத்தில் தேடாதீர்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார்களோ, அங்கே தேடுங்கள். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளின் பங்களிப்பு என்று தொடங்கினால் பலர் எழுதியதையே மாற்றி எழுத வேண்டிவரும், உங்கள் குரலுக்கு அதில் வேலையே இருக்காது.

எனக்குத் தலைப்பைத் தந்தது தோடி ராகம். அதன் காந்தாரம் என்ற சுரத்தைக் கொப்பியில் வெறும் 'க' என்றுதான் எழுதுகிறோம், ஆனால் பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். கீபோர்ட் பழகிவிட்டு வரும் பிள்ளைகள் அதை நேராகப் பிடித்து நிறுத்துவார்கள். "அசைத்துப் பாடு" என்றால் தலையை அசைப்பார்கள்! சரி, கொப்பியைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கும் கேட்டே படிக்கும் பிள்ளைக்கும் இந்த ஒரு சுரத்தில் என்ன வித்தியாசம் வருகிறது என்பதையே ஆய்வுக் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவில் கவனம் வேண்டும். சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் குரலை மட்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் சுருதியைப் பிள்ளையின் காதில் இயர்போனில் கொடுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிராட், சோனிக் விஷுவலைசர் இரண்டுமே இலவச மென்பொருள்கள், சுரம் அசையும் விதத்தைக் கோடாகவே காட்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் பதிவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அப்புறம் வாங்கலாம் என்று விட்டால் நல்ல பதிவுகளைக்கூடப் பயன்படுத்த முடியாமல் போகும்.

பாடுவது ஆய்வாகுமா என்று யாராவது இழுத்தால், யாழ் என்ற பழந்தமிழ் நரம்புக் கருவியைப் பற்றி 1947இல் வெளியான 'யாழ் நூல்' என்ற புத்தகத்தைக் காட்டுங்கள். அதை எழுதிய விபுலாநந்த அடிகள் பழைய இலக்கிய வரிகளுக்கு உரை சொல்வதோடு நிற்காமல், நரம்புகளின் சுர இடைவெளிகளைக் கணக்குப் போட்டே பார்த்தார்.

ஆய்வின் முடிவில் வரும் வாய்மொழிப் பரீட்சையான வைவாவில் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படிப்பித்தவரும் நீங்கள், மதிப்பிட்டவரும் நீங்கள் என்றால் எப்படி நம்புவது? இதற்குப் பதிலை ஆய்வின் தொடக்கத்திலேயே தயார் செய்ய வேண்டும். நான் பெயர் நீக்கிய பதிவுகளை வேறு ஆசிரியர்களிடம் கொடுத்து, எது எந்த முறையில் படித்த பிள்ளை என்று சொல்லாமல் கேட்கவைத்தேன். சில இடங்களில் அவர்களின் காதும் என் காதும் ஒத்துப்போகவில்லை, அதையும் அப்படியே எழுதினேன், பரீட்சகர்கள் அதிக நேரம் பேசியது அந்தப் பக்கங்களைப் பற்றித்தான்.

இன்னொன்று, எழுதும் மாதங்களில் முதலில் விடுபடுவது சாதகம், அதாவது தினசரிப் பாட்டுப் பயிற்சி. காலையில் ஒரு வர்ணத்தையாவது இரண்டு காலத்தில் (வேகத்தில்) பாடிவிட்டு லேப்டொப்பைத் திறவுங்கள். என்னை வைவாவில் அந்தக் காந்தாரத்தைப் பாடிக்காட்டச் சொன்னார்கள்.