செலவில்லாத றோபோ

நடக்கும் றோபோ செய்வதற்கு முதலில் வேண்டியது ஐஸ்கிறீம் என்பதை, வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் என் தங்கையின் மகள் சொல்லித்தான் அறிந்துகொண்டேன். விஞ்ஞானக் கண்காட்சிக்காக ஒரு றோபோ செய்ய வேண்டும், மோட்டரும் பற்றரியும் தவிர மற்றதெல்லாம் வீட்டுப் பொருளாக இருக்க வேண்டும், அதற்குக் குச்சிகள் தேவை, குச்சிகள் ஐஸ்கிறீமுக்குள்தான் இருக்கின்றன என்று அவள் படிப்படியாக விளக்கியபோது, அந்தத் தர்க்கத்தில் எவருக்கும் குறை தென்படவில்லை. ஆகவே குடும்பம் முழுவதும் கடமையுணர்வோடு ஐஸ்கிறீம் சாப்பிட்டது. நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் என் அம்மாகூட, "பிள்ளையின்ர படிப்புக்காகத்தானே" என்று சொல்லிக்கொண்டு தன் பங்கைச் செலுத்தினார். தேவையான குச்சிகள் சேர்ந்த பிறகுதான், இதே குச்சிகள் புத்தகக் கடைகளில் பக்கற்றில் விற்கப்படுகின்றன என்பதும், அது மருமகளுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும் என்பதும் வெளிவந்தன.

நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் 1990ஆம் ஆண்டிலிருந்து பிளாஸ்டிக் குழாய்களால் செய்து, காற்றின் வலுவால் கடற்கரையில் நடக்கவிடும் விசித்திர மிருகங்களை அவள் யூடியூப்பில் பார்த்திருந்தாள். அதைப் போலவே ஒன்று வேண்டுமென்றாள். அந்தக் கால் ஒன்றுக்கு 11 அளவுகள் உண்டு, அவற்றில் ஒன்று பிசகினாலும் நடை நொண்டியாகிவிடும். எங்கள் வீட்டு அடிமட்டத்திலோ முதல் இரண்டு சென்ரிமீற்றரை முன்னொரு காலத்தில் யாரோ கடித்துத் தின்றிருக்கிறார்கள். எனவே மேலும் நூறாண்டு பின்னே சென்று, ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் வகுத்த பொறிமுறையில் போய் நின்றோம். அவருடைய நடக்கும் பொறி 1878ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே காட்டப்பட்டது.

அதில் நினைவில் வைக்க வேண்டியவை 2, 4, 5, 10 என்ற நான்கு எண்கள்தான். மோட்டர் சுழற்றும் கைபிடித்தண்டு 2 சென்ரிமீற்றர் என்றால், அதன் மையத்திலிருந்து 4 சென்ரிமீற்றர் தள்ளி ஓர் ஆணியில் 5 சென்ரிமீற்றர்க் குச்சியொன்று ஆட வேண்டும்; அந்தக் குச்சியின் மறுமுனை, தண்டின் நுனியில் மேல்முனை தொடுக்கப்பட்ட 10 சென்ரிமீற்றர் நீளமான காலின் நட்டநடுவில் பூட்டப்பட வேண்டும். தண்டு வட்டமாகச் சுற்றும்போது பாதமானது பாதிச் சுற்றுக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் தரையோடு பின்னே போய், மறுபாதியில் மேலெழுந்து வளைந்து முன்னே வந்துவிடும். ஐஸ்கிறீம் குச்சியின் நீளம் 11.4 சென்ரிமீற்றர், இருபுறமும் துளையிட இடம் விட்டால் சரியாகப் பத்து மிஞ்சுகிறது. எங்கள் ஐஸ்கிறீமை மனதில் வைத்துத்தான் அந்த மனிதர் கணக்குப் போட்டாரோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

மோட்டருக்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் மஞ்சள் நிறப் பெட்டி மோட்டர், பற்றரிக் கூடு, சிறிய சுவிட்ச் மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். "எக்ஸிபிஷன் தானே அண்ணை? எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமாமார்தான் வருகினம். இதுவரைக்கும் ஒரு அப்பாவையும் நான் காணேல்லை" என்றார். அந்த மோட்டருக்குள் இருக்கும் பற்சில்லுகள், மோட்டர் 48 சுற்றுச் சுற்றினால் வெளி அச்சை ஒரேயொரு சுற்றுத்தான் போகவிடும். வேகத்தை விற்று வலுவை வாங்குகிற வியாபாரம் அது. எல்லாமாகச் சேர்ந்தும் ஒரு சோற்றுப் பார்சலின் விலையைச் சுற்றித்தான் வந்தது.

உண்மையான தொல்லை மூட்டுகளில்தான் இருந்தது. அச்சாணிக்கு ஈர்க்கு போதும் என்று அம்மா தன் விளக்குமாற்றிலிருந்து சிலவற்றை உருவிக் கொடுத்தார். ஈர்க்கு அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதால், ஒரு துளையில் இறுகி மறுதுளையில் தளர்ந்து, கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அபிப்பிராயத்தோடு ஆடின. பிறகு மூங்கில் குச்சிக்கு மாறினோம். அதன் முனையில் ஒரு சொட்டுச் சூட்டுப் பசை வைத்தால், அது மெல்ல நழுவித் துளைக்குள் இறங்கி, குச்சியையும் காலையும் ஒன்றாகப் பிடித்துவிடும். மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கல்லுப்போல ஒரு முடிச்சுத்தான் இருக்கும். இதற்கு வைத்தியம் சொன்னவர் அம்மா. 2022 மின்வெட்டுக் காலத்தில், ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாள்களில், பயந்துபோய் வாங்கிக் குவித்த மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்து மூங்கில் குச்சியில் நன்றாகத் தேய்த்தார். பசை முனையில் நின்றுகொண்டது, கால் உள்ளே வழுக்கிச் சுழன்றது. அந்த மெழுகுதிரிகளை வாங்கியதற்காக அவரை நாங்கள் செய்த பரிகாசத்துக்கெல்லாம் அன்றோடு முற்றுப்புள்ளி விழுந்தது.

சுவிட்சை மருமகள் றோபோவின் வயிற்றுக்கு அடியில் ஒட்டினாள். மேலே இருந்தால் அழகு கெட்டுவிடுமாம். "அப்ப இதை எப்படிப் பிள்ளை நிப்பாட்டுறது?" என்று அம்மா கேட்டதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

முதல் ஓட்டத்தில் றோபோ மாபிள் தரையில் நின்ற இடத்திலேயே மும்முரமாக நடந்தது. மரப்பாதம் வழுக்குகிறது என்று பழைய இறப்பர் செருப்பொன்றை வெட்டிப் பாதங்களில் ஒட்டினோம். உடனே அது நகரத் தொடங்கி, சாப்பாட்டு மேசையை வட்டமடித்தது. "நல்லூர் வீதி சுத்துது" என்றார் அம்மா பரவசமாக. காரணம் பக்தியல்ல, பற்றரி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 23 கிராம் எடையுள்ள இரண்டு பற்றரிகளும் ஒரே பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்ததால், அந்தப் பக்கத்துக் கால்கள் தரையைக் கவ்வி முன்னேற, பாரமில்லாத பக்கம் வழுக்கிப் பின்தங்கியது. கூட்டைப் பெயர்த்து நடுவில் வைத்ததும் நேராக நடந்தது. இரவு பத்து மணிக்கு டக் டக்கென்று அது வீட்டை அளந்துகொண்டிருந்தபோது, உரலில் யார் இடிப்பது என்று கேட்கக் கோபத்தோடு மேலேறி வந்த கீழ்வீட்டு அக்கா, கோபத்தை மறந்து அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

கண்காட்சியன்று எங்கள் மேசைக்கு அடுத்ததாக ஒரு எரிமலை இருந்தது. எந்த விஞ்ஞானக் கண்காட்சியிலும் அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்த எரிமலை ஒன்று இருந்தே தீரும் என்பது விதி. நடுவர் வந்ததும் மருமகள் சுவிட்சைப் போட்டு றோபோவை மேசையில் விட்டாள். அது நிமிர்ந்து, நேராக, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் மேசையின் எல்லை வரை நடந்து, ஒட்டியிருந்த அடுத்த மேசைக்கும் தாண்டி, பொங்கிக்கொண்டிருந்த எரிமலையின் அடிவாரத்தை மிதித்து ஏறத் தொடங்கியது. சிவப்பு நுரை நாலாபுறமும் தெறிக்க, எரிமலைக்காரப் பையன் அலற, நுரைக்குள் கைவிட்டு அதன் வயிற்றுச் சுவிட்சைத் தேட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

"இதை நிப்பாட்ட ஏலாதா?" என்று நடுவர் தன் வெள்ளைச் சட்டையைப் பிடித்தபடி கேட்டார்.

"சேர், நீங்கள் தந்த பேப்பரில, 'நடக்க வேணும்' எண்டுதான் போட்டிருந்தது" என்றாள் மருமகள். "நிக்க வேணும் எண்டு போடேல்லை."