கிராஃபிக்ஸ் லேப் தேர்வு: எஸ் கீயை மூன்று தடவை தட்டிப் பாருங்கள்

பிராக்டிகலில் எனக்கு வந்த கேள்வி இது: ஓப்பன்ஜிஎல் (படம் வரையும் லைப்ரரி), கிளட் (அதற்கு விண்டோ, கீபோர்டு, டைமரைக் கவனித்துக்கொள்ளும் துணை லைப்ரரி) வைத்து ஒரு படகு வரைய வேண்டும், எஸ் அழுத்தினால் அது கிளம்ப வேண்டும், அம்புக்குறிக் கீகளுக்குத் திரும்ப வேண்டும். காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவனுக்குப் படகு வரையச் சொல்லித்தரவா வேண்டும்? சீக்கிரமே முடித்துவிட்டேன். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வந்து எஸ்ஸை மூன்று தடவை தட்டினார். படகு தலைதெறிக்க ஓடியது. ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாடி வீட்டு அக்காவிடம் புரோகிராமைக் காட்டினேன். ஐடி வேலையில் இருக்கிறவர். "ஓடுதான்னு பார்த்த, சரி. கன்னாபின்னான்னு அழுத்திப் பார்த்தியா தம்பி?" என்றார். படகை எடுத்துவிட்டு, குறித்த நேரம் கழித்து ஓடும் டைமர் ஃபங்க்ஷனுக்குள் நேரத்தை மட்டும் பிரிண்ட் செய்யச் சொன்னார். எஸ் ஒரு தடவை: சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒரு வரி. மூன்று தடவை: அதே இடைவெளிக்குள் மூன்று வரிகள். பார்த்ததும் புரிந்துவிட்டது. கிளட் டைமர் ஒரு முறைதான் அடிக்கும்; அதனால் அது தன்னைத்தானே மறுபடி பதிவு செய்துகொள்ளும்படி எழுதுகிறோம். நான் அதைக் கீபோர்டு ஃபங்க்ஷனிலிருந்து தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் புதுச் சங்கிலி. பதிவான டைமரை ரத்து செய்ய வழியும் கிடையாது. டைமரை மெயினில் ஒரே ஒரு முறை தொடங்குங்கள். எஸ் கீ ஒரு ஃபிளாகை (ஓடலாமா, நிற்கலாமா என்று சொல்லும் மாறியை) மட்டும் மாற்றட்டும்.

16 கேட்டால் சரியாக 16 வராது, கொஞ்சம் தாமதமாகலாம். வேகம் சீராக வேண்டுமென்றால், போன தடவையிலிருந்து கடந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கி அவ்வளவு தூரம் நகர்த்துங்கள்.

கீயையும் இதேபோல் தனியாகச் சோதியுங்கள். வியாசர்பாடி நண்பன் ஒருவன் அம்புக்குறியைக் கீபோர்டு ஃபங்க்ஷனிலேயே எழுதியிருந்தான். இடது அம்பை அழுத்தினால் அசையவே இல்லை. சின்ன டி அழுத்தினால் படகு இடப்பக்கம் போகிறது! கிளட்டில் இடது அம்பின் எண் 100, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கியில் சின்ன டி-யும் (d) 100. கம்பைலர் வாயே திறக்காது. அம்புக்குறிக்கு ஸ்பெஷல் ஃபங்க்ஷன்தான்.

மதிப்பு மாறியும் படம் மாறவில்லையா? மறுபடி வரையச் சொல்லும் போஸ்ட் ரீடிஸ்ப்ளே விட்டுப்போயிருக்கும்.

எக்ஸ்டர்னலைக் கூப்பிடும் முன் எஸ்ஸை அழுத்தியபடியே பிடித்துப் பாருங்கள். கீ ரிப்பீட்டால் ஃபிளாக் மாறிமாறித் திக்கும். கிளட்டின் இக்னோர் கீ ரிப்பீட்டைப் போட்டால் அந்தத் திக்கல் நின்றுவிடும். அப்புறம் கேப்ஸ் லாக்கைப் போட்டு ஒரு தடவை. பெரிய எஸ் வேறு, சின்ன எஸ் வேறு. இரண்டு எழுத்துக்கும் கோடு எழுதியிருக்க வேண்டும்.