சிலோன்காரன் தின்னானா?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் இன்று காலை ஒரு பெரியவர் தே தாரிக்கை வைத்துவிட்டுச் சொன்னார்: "சிலோன்காரன் சும்மா கொடுத்ததையெல்லாம் வாங்கித் தின்னான், நாடு திவாலாச்சு."

இல்லைங்க ஐயா.

2019 டிசம்பரில் இலங்கையின் கோத்தபய ராஜபக்ச அரசு வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8க்கு இறக்கியது. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்கு ஏறியது. பாதிக் கடைத்தெரு வரிக்கணக்கிலிருந்தே கழன்றது (வாங்கித் தின்றது யார்?).

அரசின் வருமானம் சரிந்தது, நாட்டின் கடன் தரக்குறியீடு இறங்கியது. பழைய டாலர் பத்திரத்தைப் புதிய பத்திரம் விற்று அடைக்கும் வழியும் அடைபட்டது. டாலர் கையிருப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். 2022 ஜனவரியில்கூட 50 கோடி டாலர் போனது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லாத நேரம் அது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கையை விரித்தார்கள்.

அதிக ஆபத்துக்கு அதிக வட்டி என்று அந்தப் பத்திரங்களை வாங்கியவர்களுக்கும் இதில் பங்குண்டு.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. வங்கிகளின் ரூபாய்ப் பத்திரங்கள் தப்பின. ஊழியர் சேமலாப நிதியோ வட்டி குறைந்த பத்திரங்களுக்கு மாற வேண்டியிருந்தது; மறுத்தால் பத்திர வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 விழுக்காடு. கொழுந்து பறித்தவரின் ஓய்வுக்காசும் அதில்தான் கிடக்கிறது. நம் மலேசிய ஊழியர் சேமநிதியான இபிஎஃபில் இப்படிக் கைவைத்தால் இந்தக் கடை எப்படி இருக்கும்?

அதே ஆண்டு நவம்பரில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி முன்னாள் ஆளுநர்களும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈடு கிடையாது, வழக்குச் செலவு மட்டும்.

வாட் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது, அதுவரை விலக்கிலிருந்த சமையல் எரிவாயுவுக்கும் சேர்த்து.