பெரும்பாயை இறுக்கிப் பிடித்த கப்பிகள்

என் பாய்மரப் படகின் பெரும்பாயை ஏற்றும்போது, அதை மேலே இழுக்கும் ஆஞ்சான் கயிறு முக்கால் உயரத்திற்கு மேல் நகர மறுப்பதற்குப் பாய்மர உச்சியிலுள்ள கப்பியே காரணம் என்று இரண்டு பருவங்களாக நம்பியிருந்தேன். அது தவறு என்று காட்டியது ஒரு சாதாரணச் சுருள்வில் தராசு.

ஆஞ்சானைப் பாயிலிருந்து கழற்றி, அந்த முனையில் 5 கிலோ எடையுள்ள தண்ணீர்க் குடுவையைக் கட்டி, மறுமுனையைத் தராசால் இழுத்தேன். உராய்வே இல்லையென்றால் 5 கிலோதான் காட்ட வேண்டும். பாய்மரத்தின் அடியில் நின்று நேராகக் கீழ்நோக்கி இழுத்தபோது ஏறத்தாழ 6 கிலோ காட்டியது. சுக்கானருகே அமர்ந்தபடியே பாயை ஏற்றலாம் என்று நானே பொருத்திய இரண்டு கப்பிகளின் வழியே இழுத்தபோது 9 கிலோ. செங்கோணத்தில் திரும்பும் கயிறு தன் இழுவிசையைப் போல 1.4 மடங்குச் சுமையைக் கப்பியின் அச்சில் ஏற்றும் என்பது தெரிந்திருந்தும், அங்கே மலிவான கப்பிகளை வைத்தது என் பிழை. அவற்றை எடுத்துவிட்டுப் பால்பேரிங் கப்பிகளைப் பொருத்தியதும் தராசு 7 கிலோவுக்கு இறங்கியது.

அடுத்தது பாய்மரத்தின் பின்புறக் காடி, அதாவது பாயின் ஓரம் ஏறி இறங்கும் பள்ளம். பாயைக் காடியோடு பிணைத்து அதனுள் நழுவும் சிறு துண்டான ஸ்லைடில் பழையது ஒன்றை எடுத்து, அதில் சோப்பு நீரில் நனைத்த துணியைச் சுற்றி, ஆஞ்சானாலேயே அதை மேலே ஏற்றித் துடைக்கலாம். ஆனால் கீழே இழுக்க ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்வது கட்டாயம். முதல் முறை அதை மறந்ததால், என் துணி இரண்டு நாள் கொடியைப் போல உச்சியில் பறந்தது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பாயைக் கறையாக்கும் என்பதால், உலர் சிலிகான் தெளிப்பை மட்டுமே பயன்படுத்தினேன்.

கயிறு விற்றவர் டைனீமா என்ற வலுவான செயற்கை இழையாலான 6 மில்லிமீட்டர் கயிற்றையே வற்புறுத்தினார். அது பெரிதாக நீளாது என்பது உண்மைதான். ஆனால் வெறுங்கையால் இழுப்பவனுக்கு அவ்வளவு மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும் என்பதால், 8 மில்லிமீட்டர் பாலியெஸ்டரையே வாங்கினேன். பாயின் தலையில் ஒரு கப்பியை வைத்து இழுவிசையைப் பாதியாக்கும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு இழுக்க வேண்டிய கயிறு இரட்டிப்பாகும் என்பதால், இந்த வேலை முடியும் முன்பே நீளத்தைக் கணக்கிடத் தொடங்கிவிட்டேன்.

பாயை விறைப்பாக வைத்திருக்கும் குறுக்குப் பட்டைகளான பேட்டன்களில், மேலிருந்து இரண்டாவதன் ஸ்லைடு மட்டும் இன்னும் அடங்கவில்லை. படகின் முகம் காற்றிலிருந்து சற்று விலகினாலே பேட்டன் அதை முன்னுக்குத் தள்ள, அது கோணலாகிக் காடியைக் கவ்விக்கொள்கிறது. மாற்று ஸ்லைடு வரும்வரை, அந்த இடத்தில் மட்டும் பாய்மரத்தின் அடிக்குச் சென்று, ஆஞ்சானை நாணைப் போல வெளிப்புறமாக இழுத்து, கிடைக்கும் தளர்வைக் கீழே வாங்கிக்கொள்கிறேன்.