எழுதித் தராத வாக்கியம்

"எழுதித் தருவீங்களோ தம்பி?" என்று ரீச்சர் கேட்டபோது நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. அப்படித்தான் இன்றும் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன்.

அது 2017ஆம் ஆண்டின் இறுதி. அவ்வாண்டு மே மாதத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்திருந்ததால், சுவர் வெடிப்பு என்ற சொல்லை எங்கள் பகுதியில் எவரும் சாதாரணமாக உச்சரிக்க முடியாதிருந்தது. வாய்க்காலுக்குக் கிட்டிய அந்த ஒழுங்கையில் எமது தொடர்மாடியின் நிலக்கீழ்த் தளத்துக்காகக் குழி வெட்டி, ஊறும் நீரை இரவு பகலாகப் பம்பினால் இறைத்துக்கொண்டிருந்தோம். மதிலுக்கு அப்பால், கருங்கல் அத்திவாரத்தில் நிற்கும் பழைய செங்கல் வீடு ரீச்சருடையது. விறாந்தைச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய வெடிப்பை அளவட்டையை வைத்துப் பார்த்தேன், அகலம் 0.4 மில்லிமீற்றர். "பூச்சு வெடிப்புத்தான் ரீச்சர், பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். "அது அலுவலகத்தின் மூலமாகத்தான் வரவேணும்" என்று சொன்னேன். "அப்ப சரி" என்றவர் தேநீர் ஊற்றப் போனார்.

எங்கள் துறையில் பரவலாகப் பயன்படும் வகைப்பாட்டின்படி 5 மில்லிமீற்றர் வரையிலான வெடிப்புகூடச் சிறிய சேதமாகவே கொள்ளப்படும். அதனோடு ஒப்பிட்டால் 0.4 என்பது ஒன்றுமே இல்லை. மேலும் நான் அவருடைய பொறியியலாளன் அல்லன், அவருடைய அயலவரின் பொறியியலாளன். ஒரே ஓர் அளவீட்டை நம்பிக் கையொப்பமிட்டு ஒரு வீட்டுக்கு உத்தரவாதம் கொடுப்பது தொழில்முறைத் தவறு. இவை அனைத்தும் சரியே. ஆனால் நிலத்தடி நீர் இறங்கும்போது மக்கிய சேற்றுமண் அமிழும் என்பதும், அவ்வாறு அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் முதலில் வாயைத் திறப்பது யன்னல் மூலைதான் என்பதும் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். பூச்சு மட்டுமா, செங்கலும் சேர்த்தா என்று அறியச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அங்கே ஒரு பெரிய அலுமாரி நின்றது. அந்த வயதில் அவரிடம் அதை நகர்த்தச் சொல்ல மனம் வரவில்லை என்று அப்போது நினைத்தேன். பார்த்துவிட்டால் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிவரும் என்பதும் காரணமாக இருந்ததோ என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றிரவு வேலைத்தளக் குறிப்பேட்டில் "கண்காணிக்கவும்" என்று எழுதினேன். அவரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்றும், குறிப்பேட்டிடம் கவனம் என்றும் சொன்ன இருவரும் நானே. இரண்டு வாரங்களின் பின்னர், வெடிப்பு மேலும் விரிந்தால் உடைந்து காட்டும்படி, அதன் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டினோம். நிலக்கீழ்த் தளம் முடிந்து பம்பை நிறுத்தும்வரை அவற்றில் ஒன்றேனும் உடையவில்லை. ஆகவே நான் சொன்னதே சரி என்று கோப்பு சொல்கிறது. ஒட்டுவதற்கு முந்திய அந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கோப்பில் எதுவும் இல்லை.

ரீச்சர் பின்னர் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார். இடிக்கும் நாளில் அந்தச் சுவரைப் பார்த்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது செங்கற்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் வாயால் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். கடந்த மாதம் வேறோர் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரருக்கு, அலுமாரிகளையெல்லாம் நகர்த்திப் பார்த்துவிட்டு, அளவுகளும் படங்களுமாக மூன்று பக்கங்களில் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தேன். அவர் அதைப் பொறுமையாக இரண்டு முறை வாசித்துவிட்டு, "அப்ப நாங்கள் பயப்பட வேணுமோ, இல்லையோ சேர்?" என்று கேட்டார். கடிதத்தில் இருப்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது என்றேன். அவர் எனக்குத் தேநீர் தரவில்லை.