கரும்புள்ளியைச் சுற்றி எவ்வளவு வெள்ளை?

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழக வருகிறவர்கள் புதுத் துப்பாக்கி வாங்கும்போது குழலைப் பற்றியும் விசையைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். குறிபார்க்க உதவும் சைட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பெட்டிக்குள் என்ன வந்ததோ அதையே மாட்டிக்கொண்டு சுடத் தொடங்கிவிடுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக இந்த விளையாட்டில் இருப்பவன், வார இறுதிகளில் இளையவர்களுக்குச் சொல்லித் தருபவன் என்ற முறையில், மதிப்பெண்ணில் தேங்கி நிற்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அவர்களுடைய முன் சைட்டைத்தான்.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியின் டார்கெட்டைப் பார்த்தேன். குண்டுகள் ஒன்பது, எட்டு மதிப்பெண் வளையங்களில் இடவலமாகச் சிதறியிருந்தன. நிற்கும் நிலையில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. முன் சைட்டைக் கழற்றினால், உள்ளே, கரும்புள்ளியை நடுவில் வைத்துப் பார்ப்பதற்கான வளையம் 3.2 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தது.

“ஏம்மா இவ்வளவு சின்னது போட்டிருக்கே?”

“சின்ன வளையம்னாத்தான் சார் நடு கரெக்டா தெரியுது. பெருசு போட்டா எங்கேயோ மிதக்குற மாதிரி இருக்கு.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலோர் இப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் வெளிப்படுகிறது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் கரும்புள்ளியின் விட்டம் 30.5 மில்லிமீட்டர். கண்ணிலிருந்து முன் சைட் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், அந்தக் கரும்புள்ளி முன் சைட்டின் இடத்தில் சுமார் 2.6 மில்லிமீட்டர் அகலமாகத் தெரியும். 3.2 வளையம் போட்டால் சுற்றிலும் மிஞ்சும் வெள்ளை 0.3 மில்லிமீட்டர்தான். டார்கெட்டில் ஒரு மதிப்பெண் வளையத்துக்கும் அடுத்த மதிப்பெண் வளையத்துக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், துப்பாக்கி அந்த அளவுக்கு ஆடினால் முன் சைட்டில் கரும்புள்ளி சுமார் 0.2 மில்லிமீட்டர் நகர்கிறது. அதாவது, பயிற்சியுள்ள எவருக்கும் இயல்பாக ஏற்படக்கூடிய ஓர் அசைவிலேயே வெள்ளை ஒரு பக்கம் அனேகமாக மறைந்து, கரும்புள்ளி வளையத்தில் ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. அதைக் கண்டதும் மனம் பதறுகிறது. மறுபடி நடுவுக்கு வந்த அந்த நொடியைத் தவறவிடக் கூடாதென்று விரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது. இடவலச் சிதறலில் பெரும்பகுதி அந்த இழுப்பிலிருந்து வந்தது.

என் பெட்டியிலிருந்த 4.2 வளையத்தைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது சுற்றிலும் 0.8 மில்லிமீட்டர் வெள்ளை. அதே அசைவு அதே அளவில் இருந்தாலும் கண்ணை உறுத்துவதில்லை. முதல் பத்துக் குண்டுகளில் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. “மிதக்கட்டும், நீ விசையை மட்டும் மெதுவா அழுத்து” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். இரண்டாவது பத்தில் குரூப், அதாவது குண்டுகள் விழுந்த பரப்பு, ஒன்பதுக்குள் சுருங்கியது.

வட்டத்துக்குள் வட்டத்தை நடுப்படுத்தும் திறமை கண்ணுக்கு இயற்கையாகவே உண்டு. அதற்கு நாம் உதவ வேண்டியதில்லை, இடம் விட்டால் போதும். உண்மையில் நம் கவனத்தைக் கோருவது வேறோர் ஒழுங்கு: கண்ணுக்கு அருகே உள்ள பின் சைட்டின் துளைக்குள், வளையத்தைத் தாங்கும் முன் சைட்டின் கூடு நட்டநடுவில் நிற்கிறதா என்பது. இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே 0.1 மில்லிமீட்டர் விலகல் டார்கெட்டில் 1.3 மில்லிமீட்டராக, அதாவது அரை வளையத்துக்கும் சற்று மேலாக வளர்ந்துவிடுகிறது. துப்பாக்கி முழுதும் கோணம் மாறாமல் சேர்ந்து நகரும் ஆட்டம் இப்படிப் பெருகுவதில்லை. சைட்டுகள் ஒன்றுக்கொன்று விலகும் பிழைதான் பெருகுகிறது. ஆகவே கன்னம் பதியும் கட்டையை ஒவ்வொரு குண்டுக்கும் கண் அதே இடத்தில் வந்து நிற்குமாறு சரிசெய்யாமல், எவ்வளவு விலையுயர்ந்த சைட்டை வாங்கினாலும் பயனில்லை.

பின் சைட்டில் துளையைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் ஒன்று இருப்பது நல்லது. விலை சற்று அதிகமானாலும், செலவழிக்கத்தக்க பொருள் என்று நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். துளை சிறிதாகச் சிறிதாக, முன் சைட்டும் தொலைவிலுள்ள கரும்புள்ளியும் ஒருசேரத் தெளிவாகின்றன. அளவு மீறிச் சிறிதானால் வெளிச்சம் குறைந்து, விளிம்புகள் கலங்கி, கண் களைத்துப்போகிறது. சர்வதேசப் போட்டி அரங்கில் டார்கெட்டின் மீது குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் பல இரண்டு ட்யூப் லைட்டுகளில் நடக்கின்றன. ஆகையால், இன்னொருவர் 1.1 மில்லிமீட்டரில் சுடுகிறார் என்பதற்காக நீங்களும் அந்த எண்ணில் வைக்க வேண்டாம். துளையை மெல்லச் சுருக்கிக்கொண்டே வந்து, வெள்ளை சாம்பல் நிறமாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சற்றே திறந்தால் அன்றைய வெளிச்சத்துக்கும் உங்கள் கண்ணுக்கும் உரிய அளவு கிடைத்துவிடும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. முன் சைட் கலங்கலாகத் தெரிந்தால் ஐரிஸைக் குறைசொல்வதற்கு முன் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணிலிருந்து முன் சைட்டுக்கு உள்ள தொலைவை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு செல்லுங்கள். அன்றாடக் கண்ணாடியோடு சுடும்போது, தலை சாய்ந்திருப்பதால் லென்ஸின் ஓரத்தின் வழியாகப் பார்க்கிறோம். சுடுவதற்கென்றே உள்ள சட்டத்தில் லென்ஸைப் பார்வைக்கு நேர்க்குத்தாக நிறுத்த முடியும்.

தொலைநோக்கி சைட்டைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அதற்கு அனுமதியில்லை. பொழுதுபோக்குக்காக ஸ்ப்ரிங் ஏர் கன்னில் மாட்டுவதானால், ஏர் கன்னுக்கென்று செய்யப்பட்டதை மட்டும் வாங்குங்கள்: ஸ்ப்ரிங் துப்பாக்கி பின்னும் முன்னுமாக இருமுறை உதைப்பதால் சாதாரண தொலைநோக்கியின் உள்பாகங்கள் தளர்ந்துவிடும், மேலும், நூறு கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்ட லென்ஸில் பத்து மீட்டர் மங்கலாகவே தெரியும்.

இனி பராமரிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டியில் என் குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்தன. நானும் பின் சைட்டின் திருகைத் திருப்பி இரண்டு க்ளிக், மூன்று க்ளிக் என்று வலப்பக்கம் திருத்திக்கொண்டே போனேன். இருபது குண்டுகளுக்குப் பிறகுதான் பின் சைட்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். அது தன் தடத்தில் ஆடியது. பயணத்துக்காகக் கழற்றியதை மீண்டும் மாட்டும்போது விரலால் மட்டும் இறுக்கிவிட்டு, திருகுச் சாவியால் முறுக்க மறந்திருக்கிறேன். அன்று முதல் திருகை இறுக்கியதும் திருகுத் தலையின் மீதும் சைட்டின் உடல் மீதும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். கோடு முறிந்திருந்தால் திருகு அசைந்திருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டுகளில் தன் சைட் வெகுவாக விலகியிருந்ததைக் கண்டதாக அபினவ் பிந்த்ரா சொல்லியிருக்கிறார். அதை அங்கேயே திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 சுட்டுத் தங்கம் வென்றார். தன் சைட்டில் எத்தனை க்ளிக் எவ்வளவு நகர்த்தும் என்பது கைக்குப் பழகியிருந்தால்தான் அந்த நெருக்கடியில் அப்படித் திருத்த முடியும். உங்கள் சைட்டை ஒரு பக்கத்து எல்லை வரை திருப்பி, அங்கிருந்து இப்போதைய நிலை எத்தனையாவது க்ளிக் என்று எண்ணி நோட்டில் எழுதி வையுங்கள். பழைய சைட்டுகளில் திருகுக்கும் மரைக்கும் இடையே தளர்ச்சி இருக்கும். அதனால் எதிர்த்திசையில் திருத்தும்போது இரண்டு க்ளிக் கூடுதலாகப் போய், பிறகு வழக்கமான திசையிலேயே திரும்பி வந்து நிறுத்துவது நல்லது.

ஐரிஸுக்கு எண்ணெய் விடவே கூடாது. ஒரு மாணவனின் ஐரிஸில் யாரோ தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தார்கள். அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, துளையின் விளிம்பில் எண்ணெயில் ஊறிய ஒற்றைப் பஞ்சிழை நீட்டிக்கொண்டிருந்தது. பல வாரங்களாக அவன் கரும்புள்ளியின் கீழ் ஓரத்தில் ஒரு நெளிவைப் பார்த்துக்கொண்டே சுட்டிருக்கிறான். கேமராவுக்குப் பயன்படுத்தும் காற்றுப் பம்பும் மென்மையான தூரிகையும் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சைட்டின் இரும்புப் பாகங்களை விரைவில் அரிக்கின்றன. சைட்டில் மாட்டும் நிற வடிகட்டிக் கண்ணாடியிலோ கேமரா லென்ஸில் படர்வது போலவே பூஞ்சை படர்கிறது. ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்த உடனே பெட்டியைத் திறக்காமல், வெளிக்காற்றின் வெப்பத்துக்கு அது பழகும் வரை சற்று நேரம் மூடியே வைத்திருந்தால் கண்ணாடியில் பனி படியாது. வீடு திரும்பியதும் நான் சைட்டின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, இரும்புத் திருகுகளில் மட்டும் துணியில் தொட்ட எண்ணெயை மெல்லிதாகப் பூசி, சிலிக்கா ஜெல் பையோடு சிறிய டப்பாவில் வைக்கிறேன். பையிலுள்ள நீல மணிகள் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் நீலம் திரும்பும் வரை வைத்தெடுத்து, ஆறிய பிறகு மறுபடி பையில் கட்டிவிடுகிறேன்.